பழைய காரைச் சுவருக்கு ஜிப்சம் போர்டு: புதுச்சேரி வீடுகளில் முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மொட்டைமாடி. சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும், பூச்சும் சுண்ணாம்புக் காரைதான். பின்கட்டு அறையில் காரை பொரிந்து கொட்டிக்கொண்டே இருந்தது. காலையில் பெருக்கினால் சாயங்காலம் திரும்ப ஒரு முறம் மண் சேர்ந்துவிடும். அம்மாவுக்கு அலுத்துப்போய், ஆள் வைத்து அந்தச் சுவரை ஜிப்சம் போர்டால், அதாவது இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகையால், மூடினோம். இரண்டே நாளில் அறை புதுசாகிவிட்டது.

அடுத்த கார்த்திகையில் கதவைத் திறந்தால் ஈரத்துணி வாடை. போர்டின் அடிப்பகுதி உப்பியிருந்தது, பெயிண்ட் கொப்புளம் கட்டியிருந்தது, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. கழற்றிப் பார்த்தபோது பின்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அந்த அறையில்தான் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

போர்டைக் குறை சொல்ல முடியாது. ஈரச் சுவரை ஈரத்தோடு மூடியதுதான் தப்பு. பிறகு அதே அறையை, ஒரு பழைய கொத்தனாரைக் கூட வைத்துக்கொண்டு, நிதானமாகத் திரும்பச் செய்தோம். அதற்கப்புறம் வந்த மழைக்காலங்களில் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்போது கற்றுக்கொண்டதை, ட்ரில் பிடித்துப் பழக்கமில்லாதவருக்கும் புரியும்படி வரிசையாக எழுதுகிறேன்.

வெளிநாட்டு வீடியோவும் நம் சுவரும்

இந்த வேலையைத் தேடினால் முதலில் வருவது அமெரிக்க வீடியோக்கள்தான். சுவரை உடைத்துத் தள்ளுவார்கள், பின்னால் இருக்கும் மரச் சட்டத்தில் போர்டை வைத்து முடுக்குவார்கள், முடிந்தது. அங்கே பழைய வீடுகளில் சுவர் என்பது மரச் சட்டம். அதன்மேல் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அடித்து, பட்டிகளுக்கு மேல் காரை பூசியிருப்பார்கள். உள்ளே வெற்றிடம். காரையை எடுத்தாலும் வீடு நிற்கும், போர்டைப் பிடித்துக்கொள்ளச் சட்டமும் தயாராக இருக்கும்.

நம் வீட்டில் சுவர்தான் மொட்டைமாடியைத் தாங்குகிறது. முழுக்கச் செங்கல். பல வீடுகளில் ஓர் அடிக்கு மேல் கனம். போர்டை முடுக்க அதில் எதுவும் இல்லை, நாம்தான் ஒரு சட்டம் கட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஈரம். அந்தக் காலத்து அஸ்திவாரங்களில் ஈரத்தைத் தடுக்கும் படை பெரும்பாலும் கிடையாது. செங்கல் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். ஓதம் ஏறுகிறது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். சுண்ணாம்புக் காரைக்குக் காற்றுப் போகும் துளைகள் உண்டு. மழைக்காலத்தில் ஏறிய ஈரம் கோடையில் அந்தத் துளைகள் வழியாக ஆவியாகிவிடும். நூறு வருஷமாகச் சுவர் இப்படித்தான் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. மேலே சிமெண்ட் பூசினாலோ, பளபளப்பான பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலோ அந்த வழி அடைபடும். வெளியேற முடியாத ஈரம் இன்னும் மேலே ஏறும். கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லையே மாவாக உதிர்க்கும். கடல்காற்றும் உப்புத் தண்ணீரும் உள்ள புதுச்சேரியிலும் கடலூர் பழைய டவுன் (ஓ.டி.) பக்கத்திலும் இதைத் தெருத்தெருவாகப் பார்க்கலாம்: இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசிய சுவர், அந்தச் சிமெண்டுக்கு மேலே புதிதாக ஓர் ஈரக் கோடு.

முதலில் சுவரைப் படியுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள், பங்குனியில் வேலையை ஆரம்பியுங்கள். சித்திரை வெயிலில் எல்லாச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை நடக்கும்போது ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஈரத்தின் மேல்விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் ஈரம் ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று அந்தக் கோடு காட்டிவிடும்.

ஈரம் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். தரையிலிருந்து மூன்று நான்கு அடிவரை ஒரே பட்டையாக இருந்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஓதம். மேலிருந்து கீழே வழிந்த தடம் என்றால் மொட்டைமாடியில் விரிசல், அல்லது மழைநீர்க் குழாய் சுவரோடு சேரும் இடத்தில் ஒழுகல். நடுச்சுவரில் வட்டமாக, மழை இல்லாத நாளிலும் இருந்தால் உள்ளே குழாய் கசிகிறது. இல்லையென்றால் அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் அவர்கள் வீட்டுக்குள்ளும் ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் பாதிக் காரணம் தெருவில் இருந்தது. ரோடு போடப் போட மட்டம் உயர்ந்து, வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்துபோய், மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்கி நின்றது.

அப்புறம் ஒரு எளிய சோதனை. இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் முத்துமுத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் அது காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். சுவர்ப் பக்கம் ஈரம் இருக்கிறவரை போர்டு வாங்கப் போக வேண்டாம்.

கடைசியாகத் தட்டிப் பாருங்கள். கொத்தனார் தன் கரணையின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போய், "தம்பி, காதைக் கிட்ட வை" என்றார். செங்கல்லோடு ஒட்டியிருக்கும் காரை 'டக்' என்று கெட்டியாகப் பேசும். விட்டுப்போன இடம் 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். பொள்ளல் கேட்ட இடங்களைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். எங்கள் அறையில் முழுச் சுவரும் போய்விட்டது என்று நினைத்திருந்தோம். குறித்து முடித்தபோது மூன்றில் ஒரு பங்குதான் பொள்ளல்.

ஈரத்தை நிறுத்துவது

இந்த வேலைக்குக் குறுக்குவழி இல்லை. மொட்டைமாடி விரிசலை அடையுங்கள். மழைநீர்க் குழாயைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, வாய்க்கால்வரை கொண்டுபோய் விடுங்கள். சுவரடியில் தண்ணீர் நிற்காமல் வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். ஏற்கெனவே பூசிய சிமெண்ட் இருந்தால் அந்தப் பட்டையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை மூச்சுவிட விடுங்கள். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

பிறகு காத்திருக்க வேண்டும். நனைந்த செங்கல் சுவர் சுமாராக மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்பது கட்டட வேலையில் சொல்லும் கணக்கு. பதினான்கு அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால்கூட ஆறேழு மாதம் ஆகலாம். அதனால் ஒரு கோடை முழுக்கத் திறந்தே வைத்திருந்து, பாலிதீன் சோதனையைத் திரும்பச் செய்து, அதற்குப் பிறகும் ஈரம் காட்டினால் அந்த வருஷம் வேலையைத் தள்ளிப்போடுங்கள். வீட்டில் எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

எந்தச் சுவருக்குப் போர்டு வேண்டாம்

தெருவைப் பார்த்த வெளிச்சுவருக்கும், ஓதம் முழுசாக நிற்காத சுவருக்கும் போர்டு வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றுக்குச் சுண்ணாம்பே திரும்பப் பூசுங்கள். நன்றாக நீறிப் புளித்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணலும் சுர்க்கியும் (செங்கல் பொடி) சேர்த்து மூன்று பங்கு என்பது பரவலான அளவு. கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்க்கும் பழைய பக்குவம் தெரிந்த கொத்தனார்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை பல வருஷமாகப் பழைய வீடுகளைப் புதுப்பித்து வருவதால் அப்படிப்பட்ட ஆட்களுக்கு வேலையும் தொடர்ந்து கிடைக்கிறது. உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் முகப்பைத் தொடும் முன்பே நகர அமைப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வழவழவென்று கண்ணாடிபோல் மெருகேற்றிய பழைய சுண்ணாம்புச் சுவர் உங்கள் வீட்டில் தப்பியிருந்தால் தயவுசெய்து அதை மூடாதீர்கள். அப்படி ஒன்றை இன்று செய்யச் சொன்னால் ஆள் கிடைப்பதே கஷ்டம்.

உலர்ந்த உள்சுவர், ஆனால் கோணல்மாணலாக இருக்கிறது. அல்லது புதிதாக வயரிங் ஓட வேண்டும், சுவரைக் காடி வெட்ட மனமில்லை. அல்லது ஏசி வைக்கும் படுக்கையறை. போர்டு நன்றாக உழைக்கும் இடங்கள் இவை.

என்ன வாங்குவது

நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பது ஆறடிக்கு நாலடி, 12.5 மி.மீ. கனமுள்ள போர்டு. ஒன்று இருபது கிலோவை ஒட்டி இருக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும். சாதாரணப் போர்டின் காகிதம் வெள்ளை. பச்சைக் காகிதம் ஈரத்தைக் கொஞ்சம் தாங்குவது, இளஞ்சிவப்பு தீயைக் கூடுதலாகத் தாங்குவது. கடலோர ஊரில் உள்சுவருக்குக்கூடப் பச்சையே வாங்குங்கள் என்பேன். ஆனால் பச்சை என்றால் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. காற்றின் ஈரத்தைத் தாங்கும், நின்ற தண்ணீரைத் தாங்காது. குளியலறைக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் சிமெண்ட் ஃபைபர் போர்டுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதை மனத்தில் வைத்து, தரையிலிருந்து முதல் இரண்டடிக்குச் சிமெண்ட் ஃபைபர் போர்டும் அதற்கு மேலே ஜிப்சம் போர்டும் வைக்கச் சொல்கிறேன். தண்ணீர் வந்தாலும் கீழ்ப்பட்டையை மட்டும் கழற்றிக் காயவைத்துத் திரும்ப மாட்டிவிடலாம்.

சட்டத்துக்கு மரம் வேண்டாம். நம் ஊர்க் கரையானுக்குப் போர்டின் காகிதமே போதும், மரச்சட்டமும் வைத்தால் விருந்து வைத்த மாதிரி. ஜி.ஐ. சேனல், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுச் சட்டம் வாங்குங்கள். தரைக்கும் கூரைக்கும் படுக்கை சேனல், நடுவே நிற்க இரண்டங்குல ஸ்டட். கடல்காற்றில் தகடு முதலில் துருப்பிடிப்பது வெட்டிய முனையில்தான். அதனால் ஒரு சின்ன டப்பா ஜிங்க் பெயிண்ட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு ஓர் உதாரணம். சுவர் 12 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 120 சதுர அடி. ஒரு போர்டு 24 சதுர அடி. வகுத்தால் 5 வருகிறது, ஆனால் 5 வாங்கினால் பாதியில் நிற்பீர்கள். நாலடி அகலத்தில் மூன்று செங்குத்து வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஆறடித் துண்டு ஒன்று, நாலடித் துண்டு ஒன்று. நாலடித் துண்டை வெட்டியதும் மிஞ்சும் இரண்டடித் துண்டு அந்தச் சுவருக்குப் பயன்படாது. ஆகவே 6 போர்டு வேண்டும். கீழ்ப்பட்டைக்குச் சிமெண்ட் போர்டு வைத்தால் மீதி எட்டடிதான், கணக்கு மாறும். எப்போதும் முதலில் ஒரு தாளில் சுவரை வரைந்து துண்டுகளை அடுக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஸ்டட் இரண்டடிக்கு ஒன்று, ஆக 7. போர்டுக்கு 25 மி.மீ. கறுப்பு ஸ்க்ரூ சுமார் 250.

கருவிகளில் தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல், தகரக் கத்தரி, கூர்மையான கட்டர் கத்தி, ட்ரில், பட்டி (புட்டி) பூசும் அகலத் தகடு. இத்தனை போதும்.

பழைய காரையை எடுப்பது

சாக்பீஸ் வட்டத்துக்குள் இருக்கும் பொள்ளலை மட்டும் எடுங்கள். கெட்டியாக இருப்பதை உடைக்கக் காரணமில்லை, அது இன்னும் நூறு வருஷம் இருக்கும். மேலிருந்து கீழாக வாருங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூசி அடங்கும். என்95 முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது.

சுவரின் கீழ்ப்பாதியிலோ கதவு ஜன்னலிலோ பழைய எண்ணெய்ப் பெயிண்ட் இருந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்ட்டில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த வாரம் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டி அகற்றுங்கள்.

கழிவைச் சிமெண்ட் மூட்டையில் பாதிக்கு மேல் நிரப்பினால் தூக்க முடியாது. வாய்க்காலில் கொட்டாதீர்கள். அடைபட்டால் அடுத்த மழையில் தண்ணீர் நம் வீட்டுக்குத்தான் வரும்.

எடுத்த பள்ளங்களைச் சுண்ணாம்புக் கலவையால் சமமாக நிரப்பி, காயவிடுங்கள். போர்டு மூடத்தானே போகிறது என்று திறந்த செங்கல்லை அப்படியே விட்டால் பொடி உதிர்ந்து பின்னால் குவியும்.

சட்டம் கட்டுவது

போர்டைப் பசையால் நேரே சுவரில் ஒட்டும் முறை ஒன்று உண்டு. கெட்டியான சிமெண்ட் சுவருக்குச் சரி. பொடியும் சுண்ணாம்புச் சுவரில் பசை பிடிக்கும், ஆனால் பசையோடு சேர்ந்து காரையும் கையோடு வந்துவிடும். அதனால் சட்டம்தான்.

பழைய சுவர் நேராக இருக்காது. மேலே ஒரு மூலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சுவர் எங்கே அதிகமாக முன்னால் தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் சுவரில் ஒன்றரை அங்குலம் வயிறு தள்ளியிருந்தது. அந்த வயிற்றிலிருந்து குறைந்தது ஓர் அங்குலம் விட்டு நூல் கட்டுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அந்த இடைவெளி காற்றுக்காக. தரையில் கோடு போட்டு, தூக்குக்குண்டால் அதே கோட்டை மேலே ஏற்றுங்கள்.

தரை சேனலை நேரே தரையில் வைக்காமல் அடியில் ஃபோம் டேப் ஒட்டி வையுங்கள். ஸ்டட்டை உயரத்துக்குக் கால் அங்குலம் குறைவாக வெட்டி, இரண்டு சேனலுக்கும் நடுவே நிறுத்தி, இரண்டடிக்கு ஒன்றாக ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். பத்தடி உயரத்துக்கு இரண்டங்குல ஸ்டட் தனியாக நின்றால் ஆடும். மூன்று நான்கு அடிக்கு ஒரு பிராக்கெட் வைத்துச் சுவரோடு பிடியுங்கள். இங்கே கவனம்: பழைய செங்கல்லில் ட்ரில்லை ஹேமரில் வைத்து அடித்தால் செங்கல் பிளந்துவிடும். ஹேமரை அணைத்து, செங்கல்லின் நடுவில் துளை போட்டு, நீளமான பிளாஸ்டிக் பிளக் வையுங்கள். கலவை இணைப்பில் துளை போட்டால் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும்.

போர்டுகள் கிடைமட்டமாகச் சேரும் இடங்களில் பின்னால் குறுக்குச் சேனல் வேண்டும். உத்தரக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் இடத்தை மூடிவிடாதீர்கள். காற்றுப் போகாத கட்டை முனைதான் முதலில் உளுத்துப்போகும்.

பழைய வீட்டில் கூரை பன்னிரண்டு, பதினான்கு அடி உயரத்தில் இருக்கும். அதுவரை போர்டு ஏற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. நாங்கள் இரண்டாம் முறை கதவின் மேல்சட்டத்தோடு நிறுத்திக்கொண்டோம், ஏழடி. மேலே ஒரு தேக்குப் பட்டி. பட்டிக்குப் பின்னாலும் தரைப் பக்கமும் அரை அங்குலம் இடைவெளி விட்டு, பல்லியும் கரப்பானும் போகாதபடி கம்பி வலை அடித்தோம். கீழே நுழையும் காற்று மேலே வெளியேறுகிறது. அதற்கு மேல் பழைய சுண்ணாம்புச் சுவர் அப்படியே தெரிகிறது. பார்க்கவும் அழகாக இருக்கிறது, செலவும் குறைந்தது.

மூடும் முன்

வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மெயினை அணைத்துவிட்டு, வயர் எல்லாம் பைப்புக்குள் போகிறதா, தகட்டின் கூர்முனையில் உரசுகிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள். சுவிட்ச் பெட்டி புதிய போர்டின் முகத்துக்குச் சமமாக முன்னால் வர வேண்டும்.

டிவி, அலமாரி, சாமி படத் தட்டு எங்கெல்லாம் வரும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி, அந்த இடங்களில் ஸ்டட்டுகளுக்கு நடுவே 18 மி.மீ. பிளைவுட் துண்டு பொருத்துங்கள். வெறும் போர்டில் கனமான பொருள் நிற்காது. எல்லாம் முடிந்ததும் அளவு டேப்பைச் சுவரில் வைத்துப் போட்டோ எடுங்கள். பின்னால் ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படம் உதவும்.

ஏசி அறை என்றால் இன்னொன்று. நம் ஊரில் வெளிக்காற்று சூடும் ஈரமுமானது. குளிர்ந்த போர்டின் பின்பக்கத்தில் அது பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பதுபோல அங்கே வேர்க்கும். அந்த ஈரம் உலர ஒரே வழி அறைப் பக்கம்தான். அதை அடைக்கும் எதையும் அறைப் பக்கம் வைக்காதீர்கள். போர்டுக்குப் பின்னால் பாலிதீன் தாள் விரிக்காதீர்கள், மேலே வினைல் வால்பேப்பர் ஒட்டாதீர்கள். வால்பேப்பருக்குப் பின்னால் பூஞ்சை படர்வது வாடை வரும்வரை தெரியாது. ஏசி அறையில் மேல் கீழ் இடைவெளி இல்லாமல் முழு உயரத்துக்கு மூடுவதாக இருந்தால், அந்தச் சுவர் உலர்ந்தது என்பதில் இரண்டு மடங்கு உறுதி வேண்டும்.

போர்டு பொருத்துவது

வெட்டுவது எளிது. முகப்பக்கக் காகிதத்தில் ரசமட்டத்தை வைத்துக் கத்தியால் ஒரு கோடு, பின்னால் மடக்கினால் முறியும், பின்பக்கக் காகிதத்தைக் கத்தியால் அறுத்துவிடுங்கள். தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி நிறுத்துங்கள், தரையைத் தொட்டால் தினமும் வீடு துடைக்கும் தண்ணீரைக் குடிக்கும். முதல் வரிசையில் ஆறடி கீழே, நாலடி மேலே. அடுத்ததில் நாலடி கீழே, ஆறடி மேலே. நான்கு மூலைகள் ஒரே புள்ளியில் சேர்ந்தால் அங்கே விரிசல் விடும்.

ஸ்க்ரூ ஓரங்களில் எட்டு அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் ஓர் அடிக்கு ஒன்று. தலை காகிதத்துக்கு மயிரிழை கீழே இறங்க வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்காது, இரண்டங்குலம் தள்ளி இன்னொன்று போடுங்கள். முதல் போர்டில் பத்து ஸ்க்ரூவாவது கிழியும். அதற்குள் கை பழகிவிடும்.

இணைப்பும் பட்டியும்

இரண்டு போர்டு சேரும் இணைப்பில் ஜாயின்ட் காம்பவுண்டை (இணைப்புக்கென்றே உள்ள பூச்சு) நிரப்பி, காகித டேப்பை அதில் பதித்து, தகட்டால் அழுத்தி இழுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. காய்ந்ததும் எட்டு அங்குல அகலத்தில் இரண்டாம் கை, பிறகு ஓர் அடி அகலத்தில் மூன்றாம் கை. பங்குனி வெயிலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி போதும். பெயிண்டர் வழக்கமான சிமெண்ட் பட்டியை எடுத்து இணைப்பில் பூச வருவார். இணைப்புக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், விறைத்து விரிசல் விடும். வெளிமூலைகளில் கார்னர் பீட் (மூலைக்கான பட்டை) வைத்தால்தான் கட்டில் இடித்தாலும் முனை சிதறாது.

இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மேடுபள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். 150-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஒரு கை பிரைமர், இரண்டு கை பெயிண்ட். பிரைமர் இல்லாமல் அடித்தால் காகிதம் ஒரு மாதிரியும் பட்டி ஒரு மாதிரியும் பெயிண்ட்டை உறிஞ்சி, இணைப்புகள் எல்லாம் கோடுகோடாகத் தெரியும்.

முதல் மழைக்காலம்

அறையின் மறைவான மூலையில், கட்டிலுக்குப் பின்னால், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒரு சாண் அளவுக்கு மூடி ஒன்று வைத்துவிடுங்கள். நான்கு ஸ்க்ரூவில் கழற்றி மாட்டும்படி இருந்தால் போதும். ஐப்பசி மழை இரண்டு வாரம் பெய்த பிறகு அதைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். குளுகுளுவென்று ஈரமாக இருந்தால் மேல் இடைவெளி அடைபட்டிருக்கிறதா, வெளியே குழாய் ஒழுகுகிறதா என்று அன்றைக்கே தேடுங்கள். கரையான் மண்தடம் தெரிகிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். கார்த்திகையில் ஒரு முறை, தை பிறந்து ஒரு முறை இதையே செய்யுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது அம்மாவின் வேலை. தீபத்துக்கு வீடு கழுவும் அன்று கட்டிலை நகர்த்தச் சொல்லி, மூடியைத் தானே கழற்றிப் பார்க்கிறார்.